தாய்மாமன் பேனரும் ஒரு கூரையும்

ஐப்பசி 10, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மைதானம் முழுக்கச் சேறு. வடமதுரை முக்கில் சைக்கிள் செயின் கழன்றது, வழக்கம்போல.

7-பி சரிதா இன்றுதான் வந்தாள். நேபாளத்தில் நிலநடுக்கம் வந்த நாளிலிருந்து ஆள் இல்லை. அங்கே ஒரு மலைக் கிராமம்தான் அவர்கள் ஊர். அம்மா மாயாவுக்கு இங்கே நூல்மில்லில் வேலை. அப்பாவும் தம்பியும் தாத்தா பாட்டியோடு ஊரில்.

"அப்பா பேசிட்டாரு சார். வீடு பூராம் விழுந்துருச்சு. வெட்டவெளியிலதான் படுக்குறாங்க. தம்பிக்குக் காய்ச்சல்."

அதையும் நம்ம ஊர்த் தமிழிலேயே சொன்னாள். நேரே ஹெச்.எம். அறைக்குக் கூட்டிப் போனேன். ஹெச்.எம். அம்மா உடனே எல்லா வகுப்புக்கும் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு ஒரு துணியாவது.

12, வியாழன்

ஸ்டாஃப் ரூமில் உட்கார இடமில்லை. காட்டன் சேலை, வேட்டி, நைட்டி, கட்சிக்கரைத் துண்டு. எல்லாம் துவைத்து மடித்தது. எனக்கு ஒரே பெருமை.

மாயாவை வரவழைத்துக் காட்டினோம். தொட்டுப் பார்த்தார். மகளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். சரிதா தயங்கித் தயங்கி, "நல்ல துணி சார். ஆனா அங்க குளுரு. மழை வேற. மொதல்ல மேல போட ஏதாச்சும் வேணுமாம், கூரை மாதிரி."

சமூக அறிவியல் வாத்தியார் நான். இமயமலைத் தட்பவெப்பம் நடத்தி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடம் மொத்தமும் திண்டுக்கல் வெயிலை மனதில் வைத்தே மூட்டை கட்டியிருக்கிறோம்.

தார்ப்பாய் விசாரித்தேன். கட்டுப்படியாகாது.

13, வெள்ளி

பலத்த மழை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒதுங்கினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லையே என்று நிமிர்ந்தால், கல்யாண பேனர். மாப்பிள்ளையும் பொண்ணும் என் தலைக்கு மேல் சிரிக்கிறார்கள்.

"மூணு வருசமா இதான் சார் கூரை. கிழியவே மாட்டேங்குது," என்றார் டீக்காரர்.

காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கிரகப்பிரவேசம். நம்ம பக்கம் பேனர் இல்லாத வீடு ஏது? ரோட்டை மறைக்கிறார்கள் என்று எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறேன்! அந்தக் கருமத்தை இன்று கும்பிடத் தோன்றியது.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்கூலுக்கு ஓட்டம்.

15, ஞாயிறு

லீவு நாள், ஆனால் ஸ்கூலில் திருவிழாக் கூட்டம். பெற்றோர்கள் பேனரும் கையுமாக. ஒரு பக்கம் கழுவல். இன்னொரு பக்கம் ஆட்டோவுக்கு சீட் தைக்கும் முருகேசன், 6-ஏ பையனின் அப்பா, தன் மெஷினைக் கொண்டுவந்து பேனர்களை ஒட்டுப்போட்டார். ஓரம் பிய்யாமலிருக்கக் காட்டன் சேலையை மடித்து உள்ளே வைத்துத் தைத்து, கயிறு கட்ட வளையம். துணியும் வீணாகவில்லை!

"ஏலே, அது என் மச்சான் மூஞ்சிடா, பாத்து மிதி."

"மச்சானைத்தான, நல்லா மிதிக்கட்டும்."

ஹெச்.எம்.: "சார் வீட்ல பேனர் இல்லையா?" இல்லைங்கம்மா என்றேன். பொய். அக்கா மகள் காதணி விழாவுக்கு அடித்தது பரணில் கிடக்கிறது. அக்கா ஏற்பாடு. இருபதடி. கறுப்புக் கண்ணாடி போட்டுக் குதிரைமேல் நான். 'எங்கள் குலச் சிங்கமே, தாய்மாமனே வருக.' இதை விரித்தால் வகுப்புக்குள் எப்படி நுழைவது?

சாயந்திரம் முருகேசன், "பெருசா இன்னும் ஒண்ணு வேணும் சார். அது இருந்தா சரிதா வீட்டு ஆளுக பூராம் படுத்துக்கலாம்."

சரிதா அங்கேயே நின்றாள். அவ்வளவுதான், வீட்டுக்குப் போய் எடுத்து வந்துவிட்டேன்.

பிரித்ததும் மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. மாயாவும். அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். போன மானம் போகட்டும்.

17, செவ்வாய்

ஜங்ஷன். மில்லிலிருந்து ஊருக்குப் போகிற நேபாளத்து ஆட்கள் ஆளுக்கொரு பேனர் மூட்டை தூக்கிக்கொண்டார்கள். வழியனுப்பப் பாதி ஸ்கூல். வண்டி நகர்ந்ததும் பையன்கள் விசில். நானும் அடித்தேன். இன்னும் மறக்கவில்லை.

27, வெள்ளி

வெயில். டெஸ்ட் பேப்பர் திருத்தல் அப்படியே நிற்கிறது.

மூன்றாம் பீரியடில் மாயா ஓடி வந்தார். தலையில் பஞ்சு, கையில் போன். வீடியோ கால்.

மலைச்சரிவு. தூரத்தில் பனி. வரிசையாக நம்ம மாப்பிள்ளைகள், சடங்குப் பெண்கள், மொட்டைத்தலைக் குழந்தைகள். அத்தனையும் கூரை! 7-பி போட்ட கத்தலில் ஹெச்.எம். அம்மா பதறி ஓடி வந்தார்கள்; பார்த்துவிட்டு அவர்களும் கை தட்டினார்கள்.

பெரிய பேனரைச் சரிதாவின் அப்பா தன் வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பொதுவில் கட்டிவிட்டார். ராத்திரி அவர்களோடு இன்னும் சில குடும்பங்கள் படுக்கின்றன. பகலில் அதுவே பள்ளிக்கூடம். பிள்ளைகள் பாட்டு படிக்கிறார்கள். முன்வரிசையில் தம்பி. காய்ச்சல் விட்டுவிட்டது. அவர்கள் தலைக்கு மேலே, குதிரையும் நானும், தலைகீழாக.

தம்பி விரலை மேலே நீட்டி ஏதோ கேட்டான்.

"அது யாருன்னு கேக்குறான் சார்," என்று சிரித்தாள் சரிதா. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தன் பாஷையில் பதில் சொன்னாள். அதில் எனக்கு ஒரே வார்த்தைதான் புரிந்தது. மாமா.

அக்காவுக்கு இன்றே போன் போட வேண்டும்.