சீட்டில் ஆறு, மூட்டையில் ஏழு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, அப்பா எப்படி இருக்கிறீர்கள்? உன் கடிதம் வெள்ளைச் சட்டையின் பையில் இருந்தது. விடுதிக் காலத்துப் பழக்கம். உன் சலவைக் கடையிலிருந்து துணி வந்ததும் இன்னும் முதலில் பைக்குள்தான் கை போகிறது.

வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். பல்கலைக்கழகக் கலை மையத்தின் முன்வாசல் மேசை என்னுடையது. வருகிறவர்களிடம் பதிவேட்டை நீட்ட வேண்டும், "பையை இங்க வைங்க" என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நல்ல வேளை, வருகிறவர்கள் குறைவு. ஐந்து பெரிய கூடங்கள். மாணவர்கள் மழைக்கு ஒதுங்குகிறார்கள், ஊர்க்காரர்கள் வருவதே இல்லை. மதிலுக்குப் பின்னால் சந்தைத் தெரு. அங்கே பதினெட்டு வருடமாகப் பழக்கடை வைத்திருக்கும் அம்மா என்னிடம், "அது ஏதோ சோதனைக் கூடம்னுல்ல நெனச்சேன், எலியெல்லாம் வளப்பாங்களே" என்றார்.

புது இயக்குநர் வந்ததும் முதல் வேலையாகச் சந்தைப் பக்கத்துக் கேட்டின் பூட்டை எடுக்கச் சொன்னார். பெரிய கூடத்தில் பன்னிரண்டு அடி நீள மேசை ஒன்று போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, தேநீர் வைத்திருக்கிறார். யாரும் வரலாம், உட்காரலாம், வரையலாம், சும்மாவும் இருக்கலாம். "இத்தனை வருஷமா ஊருக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தோம். கொஞ்சம் திரும்பி உக்காருவோம்" என்றார்.

இன்னொரு செய்தி. மையத்தின் திரைச்சீலைகளும் கூட்ட அறை விரிப்புகளும் வெளுக்க நல்ல கடை வேண்டும் என்றார்கள். "எனக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வேனை அனுப்பு.

உன் தங்கை


ஜனவரி 24

அன்புத் தங்கைக்கு,

'தெரிந்த கடை'யிலிருந்து எழுதுகிறேன். அனைவரும் நலம். அப்பாவின் முழங்கால் மழை வருமா வராதா என்று தினமும் அறிக்கை வாசிக்கிறது. பாதி நாள் சரியாகவும் இருக்கிறது.

மாமா முதல் மூட்டையை எடுத்து வந்தார். உன் ஆட்கள் எதிரில், "வேன்காரரே, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாயாமே. "உன் தங்கச்சி என்னை வேன்காரர் ஆக்கிட்டா. ஆனா மரியாதைக்கு ஒரு குறையும் இல்ல" என்று கடை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குள் இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டது, வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பெரிய இடத்து வேலை, அதனால் கடை விதியை ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். மூட்டைக்குள் எண்ணிக்கைச் சீட்டு வை. சீட்டும் மூட்டையும் ஒத்துப்போகாவிட்டால் தண்ணீரில் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவேன். கறை உள்ள துணிக்கு வழக்கம்போல் கறைச் சீட்டு எழுதி வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் விட்டு வந்து நீதானே எழுதுவாய்? துணியைப் போல ஒரு கட்டம் போட்டு, எந்த இடத்தில் என்ன கறை, எவ்வளவு பெரிது என்று எண் போட்டு எழுதுவாய். இப்போது என் கோழிக் கிறுக்கல்தான்.

அந்த மேசைக்கு யாரும் வரலாம் என்கிறாய். யாரும் என்றால் யார்? உள்ளே வர என்ன கேட்பார்கள், சீட்டா, படிப்பா? கேட்டுச் சொல்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 4

அன்புள்ள அக்கா,

பழைய மாதிரிப் பக்கம் பக்கமாக எழுதுவதில்லை என்று போன மாதம் கோபித்துக்கொண்டாய். மேசை போட்டு ஒரு வருடம் போனதே தெரியவில்லை. முன்பு ஒரு பதிவேடு வருடம் முழுக்கத் தீராது. இப்போது நான்காவதும் முடியப் போகிறது.

மேசையைப் பார்த்தால் உனக்குப் பிடிக்கும். மதியம் பழக்கடை அம்மா வந்து உட்கார்ந்து கால் நீட்டிக்கொள்வார். மருத்துவக் கல்லூரிப் பெண்கள் எலும்பின் பெயர்களை ஒப்பிக்க, அவர் மாதுளை உரித்துக்கொண்டே, "நேத்து சொன்னதுல ஒண்ணு விட்டுட்டே பாப்பா" என்பார். பேருந்து ஓட்டுநர் ஒருவர் தன் ஓய்வு நேரம் முழுவதும் பேருந்து வரைகிறார். வேறு எதுவும் வரைவதில்லை. கணிதப் பேராசிரியர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணாடி இவ்வளவு சாஞ்சா இருக்கும்?" என்று கேட்டுத் திட்டு வாங்குகிறார். கடிகாரம் பழுது பார்க்கும் தாத்தா தன் வேலையையே இங்கே கொண்டுவந்துவிட்டார். வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாத இறுதியில் ஆண்டு நிறைவுக் காட்சி. துணைவேந்தர் வருகிறார். எல்லாரும் பறந்துகொண்டிருக்கிறார்கள். நீ வருவது பற்றி மறுபடி கேட்டிருந்தாய். இந்தக் கூட்டமெல்லாம் முடியட்டும் அக்கா, நிதானமாக வரலாம்.

வேன் ஹாரன் அடிக்கிறது. மூட்டையை அவசரமாகக் கட்டுகிறேன். விரிப்பு ஆறு, திரை நான்கு.

உன் தங்கை


ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

இவ்வளவு படித்தவர்கள் இப்படியா சாப்பிடுவார்கள்? விரிப்புகளில் ஒன்று துணியாகவே இல்லை, ஏதோ தேசப்படம் மாதிரி இருந்தது. நானும் மூன்று பெண்களும் நான்கு நாள் மல்லுக்கட்டினோம். மைக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று, துருவுக்கு ஒன்று என்று தனித்தனியாக மருந்து. "அக்கா, இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கச் சொல்லுங்க" என்றார்கள். விடுவேனா? துணைவேந்தர் வருகிறார் என்று எழுதியிருக்கிறாயே. வெளிச்சத்தில் பிடித்துப் பார், ஒரு பொட்டு இருந்தால் காட்டு. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றை வெளுத்ததில்லை.

எல்லாருக்கும் சொல், தெரிந்த கடை நல்ல கடை என்று.

அன்புடன்,
அக்கா


பல்கலைக்கழகக் கலை மையம்
ஜனவரி 12

உரிமையாளர்,
சலவை நிலையம்.

பொருள்: சலவைப் பணி நிறுத்தம் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

எமது மையத்தின் பொது மேசையில் ஓராண்டுக் காலம் விரிக்கப்பட்டிருந்த துணி, பொதுமக்களும் மாணவர்களும் பயன்படுத்தியதன் தடங்களுடன் அப்படியே ஆண்டு நிறைவுக் காட்சியில் வைக்கப்படவிருந்த கலைப்பொருளாகும். எக்காரணம் கொண்டும் வெளுக்கக் கூடாத அத்துணி, தங்கள் சலவை நிலையத்தின் கவனக்குறைவால் எடுத்துச் செல்லப்பட்டு வெளுக்கப்பட்டுள்ளது. எனவே, தங்களுக்கு அளிக்கப்பட்ட பணி இன்றுடன் நிறுத்தப்படுகிறது.

இயக்குநருக்காக,
அலுவலக உதவியாளர்

(அக்கா, பென்சிலில் எழுதுகிறேன். அலுவலகத்தில் அவர்கள் சொல்லச் சொல்ல நான்தான் தட்டினேன். ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.)


ஜனவரி 16

மதிப்பிற்குரிய அலுவலக உதவியாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அந்தத் துணி வேனுக்கு நடந்து வரவில்லை. மூட்டையைக் கட்டியவர் இரட்டை முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருகியிருந்தார். அப்படிக் கட்ட நான் ஒருவருக்குத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வேலை போனதைப் பற்றி ஒன்றும் இல்லை. கடை முன்பும் நடந்தது, இனியும் நடக்கும். 'சலவை நிலையத்தின் கவனக்குறைவு' என்று தட்டும்போது தங்கள் விரல்கள் எந்த எழுத்திலாவது நின்றதா என்று தெரிந்துகொள்ள ஆசை. அவ்வளவுதான்.

கடை வழக்கப்படி, அத்துணியின் கறைச் சீட்டுகளை, எட்டுத் தாள்கள், இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவை துணிக்காரரைச் சேர வேண்டியவை.

தங்களுடைய சொந்தத் துணிகளும் இதில் உள்ளன. இனி அங்கேயே வெளுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
சலவை நிலையம்


ஜனவரி 22

அக்கா,

ஒவ்வொரு சட்டைப் பையிலும் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் கடிதம் இல்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படம் எடுப்பதற்காக அந்தத் துணியை மடித்துக் கிடங்கு அறை நாற்காலியில் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே அழுக்கு விரிப்புகள். ஹாரன் கேட்டதும் மொத்தமாக அள்ளிக் கட்டினேன். காணவில்லை என்று தேடியபோது, "கடைக்காரங்க எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்று என் வாய்தான் சொன்னது. நான்கு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் யாராவது பார்த்தால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தாலும் அது காரணமாகாது.

அது வெளுக்கக் கூடாத துணி என்று உன்னிடம் ஒரு வருடமாக நான் சொல்லவில்லை. கறையைக் காட்சிக்கு வைக்கிறார்கள் என்றால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய் என்று பயம். இங்கே உன்னைப் பற்றிச் சொல்லவில்லை, உன்னிடம் இங்கே உள்ளதைச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

உன் எட்டுத் தாள்களையும் இயக்குநரிடம் கொண்டுபோய் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தார்.

"எண் ஒன்பது, இயந்திர எண்ணெய், கை கழுவின பிறகும் நகத்துல மிச்சம் இருந்தது. இது எப்படித் தெரியும் இவங்களுக்கு?"

"அக்காவுக்குத் தெரியும் மேடம்."

"அந்த வேன்காரர்?"

"மாமா. அக்கா வீட்டுக்காரர்."

"மாசத்துக்கு ரெண்டு தடவை வந்தாரே. அந்த மேசையில ஒரு நாளாவது அவருக்கு ஒரு டீ குடுத்தியாம்மா?"

"இல்ல மேடம்."

ஊரையே உள்ளே கூப்பிட்ட மேசைக்கு நான் என் வீட்டை மட்டும் கூப்பிடவில்லை.

மறுநாள் நீ வெளுத்த துணியை மேசையில் விரித்து, உன் அளவுகளின்படி அந்தந்த இடத்தில் நூலால் சின்ன எண் மட்டும் தைக்கச் சொன்னார். பக்கத்துச் சுவரில் உன் எட்டுத் தாள்கள், கோழிக் கிறுக்கலோடு. காட்சி அதுதான். நேற்று பழக்கடை அம்மா எட்டிப் பார்த்து, "முப்பத்தொண்ணு, மாதுளை. அது நான்தான்" என்றார். போய்த் தெருவையே கூட்டி வந்துவிட்டார். எண் நாற்பதை ('என்னவென்று தெரியவில்லை, பிடிவாதம் அதிகம்') கணிதப் பேராசிரியரும் ஓட்டுநரும் ஆளுக்கு ஆள் தன்னுடையது என்கிறார்கள்.

பதிவேட்டு மேசைக்கு வேறு ஆள் போட்டாயிற்று. "நீ சுவர்கிட்ட நில்லு. வர்றவங்களுக்கு உங்க அக்கா எழுதினதைப் படிச்சுக் காட்டு. சத்தமா" என்றார் இயக்குநர். எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பழைய கடிதத்தை ரத்து செய்து இன்னொன்று தட்டி, மையத்தின் முத்திரையோடு இணைத்திருக்கிறேன். யாரும் சொல்லச் சொல்லத் தட்டியதல்ல. மூட்டையைக் கட்டியவள் நான் என்று அதில் இருக்கிறது. எல்லா எழுத்திலும் விரல் நின்றது.

சனிக்கிழமை காட்சி திறக்கிறது. வா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கேட்டில் பூட்டு இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

உன் தங்கை


ஜனவரி 27

அக்கா,

சனிக்கிழமை மாலை வரை பின்பக்கக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு நலம்தானே? ஒரு வரி போதும்.

தங்கை


பிப்ரவரி 2

அன்புத் தங்கைக்கு,

நீ பின்பக்கக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நாங்கள் முன்வாசல் வழியாக வந்தோம்.

நான், மாமா, கடைப் பெண்கள் மூன்று பேர். அப்பாவின் முழங்கால் மழை வரும் என்றது, அதனால் வரவில்லை. மழை வரவில்லை. புதிதாக உட்கார்ந்திருக்கும் பெண் பதிவேட்டை நீட்டினாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. தொழில் என்ற இடத்தில் மாமா 'வேன்காரர்' என்று எழுதினார். போய்ப் பார்த்துக்கொள்.

நீ சுவரருகே நின்றிருந்தாய். எதிரில் முப்பது பேராவது இருப்பார்கள். "இதை எழுதினது எங்க அக்கா. எட்டாவது வரைக்கும் படிச்சாங்க. துணியைப் பாத்தா ஆளைச் சொல்லிருவாங்க" என்றாய். குரல் நடுங்கியது. ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்டது. கடைசி வரிசையில்தான் நாங்கள் இருந்தோம். கூப்பிட்டால் நீ நிறுத்திவிடுவாய் என்று கூப்பிடவில்லை. தூணுக்குப் பின்னால் போய் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

உன்னை எழுத வைத்துவிட்டு நான் மட்டும் மறைப்பது நியாயம் இல்லை. அன்றைக்குச் சீட்டில் ஆறு, மூட்டையில் ஏழு. எண்ணிப் பார்த்தேன். வேறு யார் அனுப்பியிருந்தாலும் விதிப்படி திருப்பியிருப்பேன். உன்னைக் கேட்டால் அங்கே உனக்குச் சங்கடமாகும், எண்ணத் தெரியாதவள் என்று நினைப்பார்கள் என்று கேட்காமல் தண்ணீரில் போட்டேன். கவனக்குறைவு என்று நீ தட்டியதில் பாதி சரி. அந்தப் பாதிதான் இத்தனை நாள் என்னை எழுத விடவில்லை.

எண் பதினான்கைத் தேநீர் என்று எழுதியிருந்தேன். கடிகாரத் தாத்தா என் பக்கத்தில் நின்று, "அது டீ இல்லம்மா, என் இருமல் மருந்து" என்றார். நீ அந்தப் பக்கம் திரும்பியபோது பென்சிலால் திருத்திவிட்டேன். சுவரில் கிறுக்கியது யார் என்று தேட வேண்டாம்.

இந்த வருடத்துக்கென்று பக்கத்து மேசையில் புது விரிப்பு போட்டிருக்கிறீர்கள். சரியாகக் கஞ்சி போடவில்லை, அதை அப்புறம் பேசலாம். கூட்டம் எங்களை உன் கண்ணிலிருந்து மறைத்திருந்த நேரத்தில் ஐந்து பேரும் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். டம்ளரை எடுத்தபோது அடியில் வட்டமாக ஒரு கறை. என் கை தானாகத் துடைக்கப் போனது. பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இடது ஓரத்திலிருந்து இரண்டு சாண், கீழ் விளிம்பிலிருந்து ஒரு சாண். தேநீர். எண் ஒன்று. எழுதிக்கொள்.

புதன்கிழமை வேன் வரும். அழுக்குத் துணி சேர்ந்திருக்குமே, கட்டிக் கொடு. வேன்காரரை உட்கார வைத்து அனுப்பு, சர்க்கரை குறைவாக.

அன்புடன்,
அக்கா