டிரைவர் என்றே எழுதுங்கள்

8-7-96, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சர்க்கரை உள்ள பெரியவர்களை நாடு முழுக்க ஒரே பதிவேட்டில் சேர்க்கிறார்களாம். இங்கே எழுதுவது டெல்லி வரை போகுமாம். நர்ஸ் மேரி ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினாள். பெயர், வயது, எப்போது தெரிந்தது, கால் மரத்துப் போகிறதா. தொழில் என்று கேட்டதும் இவர், "விவசாயமுங்க" என்றார்.

எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. இவர் ஓட்டுவது கோத்தகிரி பஸ், கல்யாணத்துக்கு முன்பிருந்தே. மேரி அப்படியே எழுதிக்கொண்டாள்.

வரும் வழியில் கேட்டேன். சர்க்கரை என்று டெப்போவுக்குத் தெரிந்தால் மலை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்றார்.

புது மாத்திரை. காலை 1, இரவு 1. சாப்பாட்டுக்கு முன்.

எதிர் வீட்டு ரவிக்கைக்கு இன்னும் கொக்கி வைக்கவில்லை.

10-7, புதன்

மழை விட்டது. விடியுமுன் முதல் நடைக்குக் கிளம்பினார். மாத்திரை போட்டார். இட்லி வேண்டாம், மேலே போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். தினமும் இதேதான். ரேஷனில் மண்ணெண்ணெய் வரவில்லை. நாளை பார்க்க வேண்டும்.

12-7, வெள்ளி

எழுத்து சரியில்லை.

மத்தியானம் கண்டக்டர் நாகராஜ் இவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். அவன் சொன்னது: குஞ்சப்பனை ஊரைத் தாண்டி ஏறும்போது வண்டி ஓரம் கட்டி நின்றுவிட்டது. முன்னால் போய்ப் பார்த்தால் இவர் சட்டை முழுக்க வேர்வை. பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. நாகராஜையே யாரோ என்பதுபோலப் பார்த்திருக்கிறார். பின் சீட்டில் ஒருவர், குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்று சத்தம் போட்டிருக்கிறார். முன் சீட்டு அம்மா ஒருத்தி, தன் வீட்டுக்காரருக்கும் இப்படி வரும் என்று சொல்லி, பையிலிருந்த வெல்லத்தை உடைத்து இவர் வாயில் வைத்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. ஆட்களைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வேறு டிரைவர் வந்து வண்டியை இறக்கினாராம். டெப்போவில் வயிற்றுக் கோளாறு என்று நாகராஜ் சொல்லியிருக்கிறான்.

இவர் படுத்ததும் தூங்கிவிட்டார். நாகராஜ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க அண்ணி. ஆனா அது வளைவுல வந்திருந்தா? நானும் அந்த வண்டிலதானுங்க இருந்தேன்."

அவனுக்குக் கைக்குழந்தை. போன மாதம்தான் காது குத்தினார்கள். பட்டுப்பாவாடை நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

13-7, சனி

இவருக்கு லீவு. காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுதிய பேர் டெப்போவுக்குப் போகுமா என்று மேரியிடம் கேட்டேன். வேலை செய்யும் இடத்துக்கெல்லாம் கொடுக்கமாட்டோம் என்றாள். எத்தனை பேருக்கு இருக்கிறது, யாருக்குக் கண் கெடுகிறது, யாருக்குக் கால் புண்ணாகிறது என்று பார்க்கத்தானாம். அப்புறம் என் முகத்தையே பார்த்தாள். இவர் டிரைவர் என்பதையும் நடந்ததையும் சொல்லிவிட்டேன். அழுகை வந்துவிட்டது.

அவள் திட்டவில்லை. "நேரத்துக்குச் சாப்புடற ஆளுன்னு நெனச்சுத்தானுங்க்கா டாக்டர் இந்த மாத்திரையக் குடுத்தாரு. இதப் போட்டுப்போட்டு வெறும் வயித்தோட மலையேறுனா சர்க்கரை எறங்கி இப்படித்தான் ஆகும். அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க."

திரும்பும்போது காய் வாங்க மறந்துவிட்டேன். இவர் கேட்கவில்லை.

14-7, ஞாயிறு

கறி எடுக்கவில்லை. ரசம்.

போய் வந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஏனுங்க, அந்த வண்டியில் நம்ம ஊட்டு ஆளுக இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க என்று கேட்டேன்.

"வண்டிய ஓரங்கட்டுனது எனக்கு ஞாபகமே இல்ல அம்மணி. நல்லவேள, நிறுத்திப்போட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் நிறுத்தலையே. காலு பழக்கத்துல மிதிச்சிருக்குது."

இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

15-7, திங்கள்

காற்று. ஆடி வருமுன்னே இப்படி அடிக்கிறது.

டெப்போவுக்கு அவரே போனார். கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். உள்ளே என்ன பேசினார்கள் என்று முழுதாகச் சொல்லவில்லை. மேனேஜர் உட்காரச் சொன்னாராம், தண்ணீர் கொடுத்தாராம். இனி ஸ்டீயரிங் கிடையாது. வண்டிகள் கிளம்புமுன் டயர், பிரேக் பார்த்து அனுப்பும் வேலை. காக்கிச் சட்டை அதேதான்.

அங்கிருந்து ஆஸ்பத்திரி. மேரி பதிவேட்டைத் திருத்த எடுத்தாள். இப்போது பார்க்கும் வேலையை எழுதவா என்று கேட்டாள்.

"டிரைவர்னே எழுதுங்க," என்றார். "இனி ஓட்ட மாட்டேன். ஆனா டிரைவர்தானுங்க."

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். காலை அரை. இட்லி தட்டில் விழுந்த பிறகுதான் மாத்திரையைக் கையில் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

இவர் மத்தியானம் சாப்பாடே வேண்டாம் என்றார். வற்புறுத்தி மோர்ச் சோறு கொஞ்சம்.

28-7, ஞாயிறு

கோத்தகிரியில் சித்திக்கு உடம்பு சரியில்லை. பார்க்கக் கிளம்பினேன். இவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

புது டிரைவர் எழுந்து வந்து முன் சீட்டுக்குக் கூப்பிட்டான். தலையை ஆட்டி மறுத்துவிட்டு நடுவில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். வளைவு வரும்போதெல்லாம் இவர் வலது கால் தரையை அழுத்தியது. பார்க்காதது போல் இருந்தேன். ஏற ஏற மேகம் விலகியது. கீழே பாக்குத் தோப்பு, பவானி ஆறு, மேட்டுப்பாளையத்து ஓட்டு வீடுகள். கம்பியில் நெற்றியை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசம் ஏறியிருக்கறேன். இந்தப் பக்கம் திரும்பிப் பாத்ததே இல்ல அம்மணி."