எல்லோரும் கைதட்டிய முதல் வரி

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் மகளிர் குழுவின் தையல் யூனிட்டுக்குக் கடன் தர பேங்க் மேனேஜர் ஒப்புக்கொண்டார். பெரம்பலூர் கூட்டத்தில் குழுவுக்காகப் பேசியது நான்தான்.

"சொந்தக் கதையிலேர்ந்து ஆரம்பிங்க, அப்பத்தான் மனசுல நிக்கும்" என்று பயிற்சி கொடுத்த மேடம் சொல்லியிருந்தார். ஆனாலும் துணி விலையில் ஆரம்பிக்கத்தான் கண்ணாடி முன் நின்று பழகினேன், சத்தியமாக. மைக்கைப் பிடித்ததும் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பதறிவிட்டது.

"எங்க வூட்டுக்காரர் ஷார்ஜாவுல சூப்பர்வைசர் இல்லீங்க, கார் கழுவுறாங்க."

உம்மாவிடம்கூடச் சொல்லாதே என்று நீங்கள் என்னிடம் மட்டும் சொன்னது.

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். மாமி, அதாவது உங்கள் உம்மா, இரண்டாவது வரிசையில் இருந்தார்.

பிறகு குறை நிறை சொல்லும்போது மேடம், "ஆரம்பம்தான் பிரமாதம், அதை மாத்தவே மாத்தாதீங்க" என்றார். அடுத்து அரியலூரிலும் பேசச் சொன்னார். மாட்டேன் என்றுவிட்டேன்.

மாமியும் நானும் ஒரே பஸ்ஸில் வீடு திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "அவன் கேட்டா, நான் கூட்டத்துக்கே வரலைன்னு சொல்லிரும்மா."

போனில் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள், மச்சான். மாமி அங்கே வரவே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி