பதினொரு மின்மினிகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி என் அக்கா."

கூட்டம் நாற்பது நிமிடம் நடந்தது. அதைச் சொல்ல மூன்று நொடி போதும். வாயைத் திறந்தேன், தண்ணீர் குடித்தேன், மூடிக்கொண்டேன்.

ஒழுங்காக எழுதிவிடுகிறேன். எழுதினால் பயம் அடங்கும் என்பது என் பழைய நம்பிக்கை. இதுவரை பெரிதாகப் பலித்ததில்லை.

படத்தின் சோதனைக் காட்சி சனிக்கிழமை முடிந்தது. வெளியிடுவதற்கு முன் எண்பது பேரை அழைத்துப் படத்தைப் போட்டுக் காட்டுவார்கள். திரைக்குக் கீழே ஒரு கேமரா இருக்கும். இருட்டிலும் பதிவு செய்கிற வகை. அது படத்தைப் பார்க்காது, படம் பார்க்கிறவர்களைப் பார்க்கும். எந்த நிமிடத்தில் எத்தனை பேர் கைப்பேசியை எடுத்தார்கள் என்று அந்தப் பதிவை ஓடவிட்டு எண்ணுவது உதவி எடிட்டரின் வேலை, அதாவது என் வேலை. பச்சை நிற இருட்டில் வரிசையாக முகங்கள். திடீரென்று ஒரு மடியில் வெளிச்சம் பூக்கும். எடிட்டிங் அறையில் அதை மின்மினி என்போம். ஒரே நிமிடத்தில் மின்மினிகள் பத்தைத் தாண்டினால் அந்தக் காட்சிக்குச் சிவப்பு. சிவப்பு என்றால் வெட்டு.

எழுபத்தோராவது நிமிடத்தில் பதினொன்று.

ஆஸ்பத்திரி அலமாரியை மகன் காலி செய்கிற காட்சி அது. அப்பா போய்விட்டார். மகன் துண்டை மடிக்கிறான். பற்பசையின் மூடியைக் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடி எடுத்து, திருகி மூடி, பைக்குள் வைக்கிறான். இனி யார் பல் துலக்கப் போகிறார்கள்? ஆறு நிமிடம் நாற்பது நொடி. பேச்சில்லை, இசையில்லை. இந்த வேலைக்கு வந்த நான்கு வருடத்தில் என் கைபட்டதில் வெட்கப்படாமல் யாருக்கும் காட்டக்கூடியது அது ஒன்றுதான்.

தயாரிப்பு நிறுவனத்திலிருந்து வருகிற பெண்மணிக்கு நாங்கள் வைத்த பெயர் கிராஃப் மேடம். கோடுகளும் புள்ளிகளுமாகத்தான் அவர் பேசுவார். "பதினொண்ணு" என்றார்.

"ஒண்ணுதானே மேடம் கூட?" என்றார் எடிட்டர் அண்ணன்.

"ஒண்ணு கூடினாலும் கூடினதுதான் சார். கோடுன்னு போட்டுட்டு அதுமேல ஏறி உட்காரக்கூடாது."

இயக்குநர் மட்டும் கேட்டார்: "யாருங்க அந்தப் பதினொரு பேர்?" கேட்டுவிட்டு ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

மார்ச் 5, புதன்

அக்கா என்னோடு பேசிப் பத்து மாதம் ஆகிறது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு வேறொரு படத்தின் கடைசி வாரம். "நாளைக்கு வரேன்" என்று மூன்று நாள் சொன்னேன். நான்காம் நாள் போனபோது அக்கா அலமாரியைக் காலி செய்து முடித்திருந்தாள். என்னைப் பார்த்து, "உன் படம் நல்லா ஓடட்டும்" என்றாள். அவ்வளவுதான்.

அதனால்தான் சோதனைக் காட்சிக்கான அனுமதிச் சீட்டு ஒன்றை அம்மாவிடம் கொடுத்து அவளிடம் சேர்க்கச் சொன்னேன். நேரில் சொல்ல முடியாததை அந்த ஆறு நிமிடம் சொல்லிவிடும் என்று நினைத்தேன். கோழைகளுக்குத்தான் இப்படிக் குறுக்கு வழியெல்லாம் தோன்றும்.

ஒப்பந்தத்தில் பன்னிரண்டாவது பத்தி: படத்தில் வேலை செய்பவர்களின் உறவினர் சோதனைக் காட்சிக்கு வரக்கூடாது. மீறினால் வேலை போகும். நான் போட்ட விருந்தினர் பட்டியலில் "சரிபார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டவர் எடிட்டர் அண்ணன். பார்க்காமலே போட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு நாற்பத்திரண்டுக்கு என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. பத்து மாதத்துக்குப் பிறகு அக்காவிடமிருந்து. "அப்பா கண்ணாடி உன்கிட்டயா இருக்கு?"

பதில் போடக் கை வரவில்லை. திங்கட்கிழமை பதிவை எண்ணினேன். ஆறாம் வரிசை, மூன்றாம் இருக்கை, ஒரு மின்மினி. தலை குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. குறித்தேன். மொத்தத்தையும் மேடத்துக்கு அனுப்பிய பிறகுதான் அந்த நிமிடத்தைக் கடிகார நேரத்தோடு வைத்துப் பார்த்தேன். ஏழு நாற்பத்திரண்டு.

என் சொந்த அக்கா அப்பாவை நினைத்து அழுததை, சலிப்பு என்று எண்ணி அனுப்பியிருக்கிறேன். அவளைக் கழித்தால் பத்து. பத்து என்றால் காட்சி பிழைக்கும்.

மார்ச் 6, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. ஆறு நிமிடம் நாற்பது நொடியை முப்பத்தெட்டு நொடியாக்க வேண்டும், மேலே ஒரு பாட்டு. வேலை என் மேசைக்கு வந்தது. துண்டு மடிப்பதில் பாதி இருக்கிறது. பற்பசை மூடி இல்லை. சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன். நன்றாகவே வெட்டியிருக்கிறேன்.

மார்ச் 8, சனி

எண்ணிக்கைக் கோப்பைத் திறந்து பதினொன்றைப் பத்தாக்கினேன். யார், எப்போது மாற்றினார்கள் என்று ஓரத்தில் என் பெயரோடு பதிவாகிறது. திரும்பப் பதினொன்றாக்கினேன். இப்போது இரண்டு மாற்றமும் அங்கே நிற்கின்றன.

மார்ச் 10, திங்கள்

கிராஃப் மேடத்திடமிருந்து எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல்: "விருந்தினர் பட்டியல் வழக்கம்போல் மறுபார்வையில் உள்ளது." வழக்கம்போலா? இதற்குமுன் எப்போது நடந்தது? ஒலி வடிவமைப்பாளரிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? நான் காதை மட்டும்தான் வாடகைக்கு விட்டிருக்கேன்" என்றார். சிரித்தேன். கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு சும்மா நின்றேன். வெளியே யாரோ நடக்கிற சத்தம் மேடத்துடையதுபோலவே இருந்தது. அவர் செருப்பு அணிகிறாரா, ஷூவா என்றுகூட எனக்குத் தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

இயக்குநர் எடிட்டிங் அறைக்கு வந்தார். எடிட்டர் அண்ணன் இல்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

"அந்த ஜனங்களோட பதிவை ஒரு தடவை காட்டும்மா. அந்த ஒரு நிமிஷம் மட்டும்."

"அனுமதி இல்ல சார்."

"சரி விடு, உன்னை மாட்டிவிட மாட்டேன்." கொஞ்ச நேரம் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் முப்பத்தெட்டு நொடிதான் இருந்தது. "நேத்து வீட்ல முழுசா போட்டுப் பார்த்தேன். அவங்க சொல்றது சரிதான் போல. இழுத்துட்டேன். பற்பசை மூடியெல்லாம் யாருக்கு வேணும், சொல்லு?"

எனக்கு வேண்டும் சார். எனக்கு வேண்டும்.

"தெரியல சார்" என்றேன்.

எத்தனையோ புத்தகங்களில் கோழைகளைப் படித்திருக்கிறேன். எல்லாரும் ஏதாவது ஒரு பக்கத்தில் கொஞ்சம் அழகாக இருப்பார்கள். நேரில் அப்படி ஒன்றும் இல்லை. உள்ளங்கை வேர்க்கிறது, அவ்வளவுதான்.

காட்சியை வெட்டினால்கூடத் தாங்கலாம். அந்த மனிதர் தன் கண்ணையே சந்தேகிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த படத்தை எழுதும்போதே பதினொரு பேர் அவர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அதில் ஒருத்தியை உட்காரவைத்தது நான்.

மார்ச் 12, புதன்

எடிட்டர் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். படிக்கட்டில் வைத்து. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் கையெழுத்து இருக்கேம்மா அதுல" என்றார். அதையே இரண்டு முறை சொன்னார். பிறகு, "பட்டியலை நான் பார்த்திருக்கணும். தப்பு என்னோடது."

"இல்லண்ணே, நான்தான் —"

"நீ சொன்னா நான் தடுக்க மாட்டேன். என்கிட்ட முன்னாடியே சொன்னேன்னு மட்டும் சொல்லாத. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. இருபது வருடம் படம் வெட்டியவர். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

மார்ச் 14, வெள்ளி

அக்காவுக்குப் பதில் அனுப்பினேன். "கண்ணாடி என்கிட்டதான் இருக்கு." அடுத்த நிமிடமே அழைத்தாள்.

"பதில் போட உனக்குப் பதிமூணு நாளா?"

"பயமா இருந்துச்சுக்கா."

"என்னைப் பார்த்தா?"

"உன்னைப் பார்த்தும்."

சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா, தெரியவில்லை. படத்தைப் பற்றி அவளே பேசினாள். "அந்த ஆள் மூடியைத் தேடினப்ப எனக்கு என்னமோ ஆயிடுச்சுடி. நானும் தேடினேன். நீ வர்றதுக்கு முன்னாடி. சோப்பு டப்பா மூடி." பிறகு, "பக்கத்துல ஒரு பெரியவர், அவரும் போனை எடுத்து யாருக்கோ என்னமோ தட்டிக்கிட்டு இருந்தாரு. முன்னாடி ஒரு பொண்ணும்."

அப்போதுதான் சொன்னேன். கேமராவை, கணக்கை, பதினொன்றை, பன்னிரண்டாவது பத்தியை.

"எங்களை எண்ணிக்கிட்டா இருந்தே?"

"ஆமா."

"என்னையுமா?"

"ஆமாக்கா."

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. "போய்ச் சொல்லு" என்றாள். "வேலை போனா இங்க வந்து இரு. நான் சோறு போடறேன், திட்டும் சேர்த்துத்தான்."

மார்ச் 16, ஞாயிறு

சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்தேன். நான்கு வாக்கியம். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, பரீட்சையா?" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

சொன்னேன்.

கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மனப்பாடம் செய்த நான்கும் மறந்துவிட்டன. "அதுல ஒருத்தி என் அக்கா மேடம், அவ சலிச்சுப்போய் எடுக்கல, அழுதா, எனக்கு மெசேஜ் அனுப்பினா, நேரம் பாருங்க" என்று ஒரே மூச்சில் கொட்டி, கைப்பேசியை மேசைமேல் நீட்டினேன். சீட்டு நான் கொடுத்தது, அண்ணனுக்குத் தெரியாது என்றும் சொன்னேன். எடிட்டர் அண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் எழுந்தே விட்டார்.

"அப்ப பத்துதானே? பத்துதானே மேடம்?"

கிராஃப் மேடம் என் கைப்பேசியைக் கையில் வாங்கி அந்தச் செய்தியை வாசித்தார். கோபப்படுவார் என்று உடம்பை இறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை. கடைக்குள் நுழைந்ததும் நினைத்த பொருள் கண்ணில் பட்டுவிட்டவர்களுக்கு ஒரு முகம் வருமே, அந்த முகம்.

"இது ரொம்ப முக்கியமான தகவல்" என்றார். "போனை எடுக்கறாங்கன்னு மட்டும்தான் இத்தனை நாளா பார்த்துக்கிட்டு இருந்தோம். எடுத்து என்ன பண்றாங்கன்னு பார்க்கவே இல்ல."

"அப்ப அந்தக் காட்சி?" என்றார் இயக்குநர்.

"சார், அழுது எடுத்தாலும் சரி, சலிச்சு எடுத்தாலும் சரி. கண்ணு திரையில இல்லையே."

இயக்குநர் பையை எடுத்துக்கொண்டார். போகும்போது என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "தேங்க்ஸ்மா" என்றார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. நான் நினைத்துப் பயந்த எதுவுமே நடக்கவில்லை. அதுவே பெரிய பயமாக இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

மேடம் தனியாகக் கூப்பிட்டார். வேலைநீக்கக் கடிதம் என்று நினைத்து, மேசை இழுப்பறையைக் காலி செய்துவிட்டுத்தான் போனேன்.

எடிட்டர் அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, அதோடு முடிந்தது. எனக்கு ஒரு புதிய பிரிவில் இடம். இனி சோதனைக் காட்சிக்கு வருகிறவர்கள் இன்னொரு படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். படம் ஓடுகிற நேரத்தில் கைப்பேசியில் என்ன பார்த்தார்கள், யாருக்கு என்ன எழுதினார்கள் என்று பார்க்க அனுமதி. அதைப் படித்து வகை பிரிக்க ஆள் வேண்டும்.

"உங்களுக்குத்தான் இது புரியுது" என்றார்.

"எனக்குப் பயமா இருக்கு மேடம்."

"நல்லதுதானே? பயப்படறவங்கதான் ஒண்ணு விடாம எண்ணுவாங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். இழுப்பறையில் இருந்தவற்றைத் திரும்ப அடுக்கினேன்.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைக் கொடுத்தேன். போட்டுப் பார்த்து, "எல்லாம் கலங்கலா தெரியுது" என்று கழற்றிவிட்டாள். வேலை என்ன ஆயிற்று என்று கேட்டாள். போகவில்லை என்றேன். "பார்த்தியா, நான் சொன்னேன்ல!" என்று அவள் சந்தோஷப்பட்டாள். புதுப் பிரிவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

படம் வெளியானது. முப்பத்தெட்டு நொடி, மேலே பாட்டு. நன்றாக ஓடும் என்கிறார்கள். இயக்குநரை அழைத்தேன். மணி அடித்து நின்றது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஜூன் 9, திங்கள்

புதுப் பிரிவுக்கு வந்து இரண்டு மாதம். நாங்கள் நான்கு பேர். இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்திகளைப் படித்து வகை பிரித்திருக்கிறேன். "எங்க இருக்க?", "மாத்திரை போட்டியா?", "சும்மாதான் கேட்டேன்." எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி: கவனச் சிதறல். அதற்குள் உள்வகைகள் உண்டு. அவற்றுக்குப் பெயர் வைத்தது நான்.

இப்போதெல்லாம் படம் எடுப்பதற்கு முன்பே இயக்குநர்கள் கதையோடு எங்களிடம் வருகிறார்கள். இன்று வந்தவள் என் வயதுக்காரி, முதல் படம். அவள் கதையில் ஒரு பெண் தனியாக ஒரு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற இடம் இருக்கிறது. வசனம் கிடையாது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "இந்த இடத்துல எவ்வளவு நேரம்க்கா பேசாம விடலாம்?"

"ஒன்றரை நிமிஷம்" என்றேன்.

எழுதிக்கொண்டாள்.