நானாவுக்குப் பிடிக்காத எஞ்சின்

என் அன்பு நானாவுக்கு,

உங்களை அடக்கிய கப்ரடியில் நின்று சொன்ன சலாத்தையே இங்கும் சொல்லித் தொடங்குகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் கோபப்படக்கூடிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றுலாக்காரரை ஏற்றும் நம் சின்ன விமானத்துக்குப் புது எஞ்சினைத்தான் பூட்டப் போகிறோம். "தையல் மெஷின்" என்று பரிகசித்தீர்களே, அதேதான்.

கற்பிட்டியில் எல்லாரும் சுகம். டொல்பின் சீசன் நெருங்குகிறது. பிளேன் எப்போது ஓடும் என்று ஹோட்டல்காரர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் வீட்டில் நெஞ்சுவலி வந்து மௌத்தானீர்கள். ஊரில் பாதிப்பேரோ விமானம் விழுந்துதான் இறந்தீர்கள் என்று கதைக்கிறார்கள். எத்தனை பேருக்குத்தான் விளக்கம் சொல்வது?

நீங்கள் ஓட்ட, நான் திருத்த என்று இருந்த காலத்திலேயே பழைய எஞ்சினின் ஆயுள் முடிந்துவிட்டது. அதையே பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்றீர்கள் நீங்கள். அதற்குப் போட்டியாக வேறு கம்பனி கொண்டுவந்த புதியதை வாங்குவோம் என்றேன் நான். பழையதற்கு விமானப் பெற்றோல் வேண்டும்; பீப்பாய் கொழும்பிலிருந்து வரும்வரை விமானம் கொட்டகையில் தூங்கும். புதியது கார் குடிக்கும் பெற்றோலிலேயே ஓடும், பாரமும் குறைவு. இத்தனையையும் சொன்னால், "எஞ்சின் கடலுக்கு மேல நின்டா ஒன்ட பெற்றோல் கணக்கு நீந்தி வருமா?" என்பீர்கள்.

நீங்கள் போனதும் என் பக்கம் வென்றுவிட்டது. எதிர்த்துப் பேச ஆளில்லை. விமானம் இப்போது மதினிக்கும் பிள்ளைகளுக்கும் உரியது என்பதால், ஓடர் கொடுக்கும் முன் ஒரு சொல் சொல்லிவிடப் போனேன். நாலு மாதம் பத்து நாள் துக்கம் காக்கும் இத்தாவில் மதினி இருக்கிறார். கணவனின் தம்பி என்றாலும் இத்தாக் காலத்தில் நானும் பார்க்கக் கூடாதவன்தானே. அறைக்கதவில் திரை. இந்தப் பக்கம் கதிரையில் நான், அந்தப் பக்கம் அவர் குரல்.

விஷயத்தைச் சொன்னேன். திரைக்குப் பின்னாலிருந்து மதினி சொன்னார்:

"தம்பி, அவர் இல்லாத நேரம் பாத்து வெல்லாதீங்க. அவர் கேக்கிற கேள்வியெல்லாம் நான் கேக்கிறன். பதில் சொல்லிப்போட்டு வாங்குங்க."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சோற்றுக்கு ஆணம் பரிமாறிக்கொண்டு நின்ற மதினி நம் சண்டையில் எதைக் கேட்டிருக்கப் போகிறார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், நானா.

"இது தண்ணியில குளிர்ற எஞ்சின்தானே? மேல வச்சி தண்ணி போற ஓஸ் வெடிச்சா?"

"சிலிண்டர் தலைக்கு மட்டுந்தான் தண்ணி, மதினி. மத்தது காத்துல குளிரும். வெடிச்சாலும் கொஞ்ச நேரம் ஓடும்."

"கொஞ்ச நேரம் என்டா எவ்வளவு?"

"அது... சொல்ல ஏலாது."

"சரி, அது அங்க இருக்கட்டும். நம்மட வெயிலுக்குப் பெற்றோல் குழாய்க்குள்ளயே ஆவியாகிப் போகாதா? நடுப்பகல்ல ஓட்டிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அதற்காகவே அந்த எஞ்சின் பூட்டிய விமானம் ஒன்றைத் தேடிப் போனேன். உச்சி வெயிலில் ஓடவிட்டு, நிறுத்தி, சூடு ஆறுமுன் திரும்பவும் கிளப்பச் சொன்னேன். மிஞ்சும் பெற்றோல் குழாயில் நின்று ஆவியாகாமல் தாங்கிக்கே திரும்பிப் போக ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதனால் தடங்கலில்லாமல் கிளம்பியது. மதினி கேட்டிராவிட்டால் அந்தக் குழாயை நம் விமானத்துக்குப் போட வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிராது. வெட்கமாக இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

கடைசியில் இரண்டு எஞ்சின் முகவர்களோடும் கதைக்க வேண்டும் என்றார். போனைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். இருவரிடமும் ஒரே கேள்வி: "ஒங்கட எஞ்சின் ஆகாயத்துல நின்டிருக்கா?" பழைய எஞ்சின்காரர் சிரித்துவிட்டு, "எங்கட எஞ்சின் நிக்காது மிஸிஸ்" என்றார். புதிய எஞ்சின்காரரோ, "ஓம், நின்டிருக்கு. எங்க, ஏன் என்டு எழுதி அனுப்புறன்" என்றார். அனுப்பியும் வைத்தார். ஒவ்வொன்றாக வாசித்து, எது நம் விமானத்துக்கும் வரலாம், எதற்கு என்ன செய்வேன் என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். இடையிடையே "ம்ஹும்" என்றார். நம்பாதபோது நீங்கள் போடும் அதே "ம்ஹும்". நான் எழும்பிப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

முடிவை அவரே சொன்னார். "நின்டதச் சொன்ன ஆளிட்ட வாங்குவம். ஆனா அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல்ல." அதனால் ஒரு நிபந்தனை. இந்த சீசன் முழுக்கக் கடல்நீர்க் களப்புக்கு மேலேயும் கரையோரமும்தான் ஓட வேண்டும்; எஞ்சின் நின்றாலும் காற்றில் மிதந்து வந்து மணலில் இறங்கக்கூடிய தூரம். உச்சமுனைப் பக்கம் போகலாம், தலவிலக் கரை வரை போகலாம். டொல்பினுக்காக வெளிக்கடல் கூடாது. ஹோட்டல்காரர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். உங்கள் சிலாபத்துச் சிநேகிதர்தான் ஓட்ட வருகிறார்; அவரும் சம்மதித்துவிட்டார்.

இது நல்ல எஞ்சின், நானா. இப்போது அதை நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன். உங்களோடு சண்டை பிடித்த நாட்களில் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

சோதனை ஓட்டங்கள் முடிந்ததும் முதல் ஆளாகத் தானே ஏறுவதாக மதினி சொல்கிறார். அதற்குள் இத்தாவும் முடிந்துவிடும். "பயமில்லையா மதினி?" என்று கேட்டேன்.

"பயந்தான். அதுக்குத்தானே இவ்வளவு கேட்டன்."

அவர் ஏறும் அன்று காலை எஞ்சின் மூடியை நானே திறந்து, ஒவ்வொரு ஓஸையும் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் மூடுவேன். மனதில் ஒரு சின்ன ஐயம் இருந்தாலும் அன்றைக்கு விமானம் கிளம்பாது. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களோடு இன்னும் சண்டை முடியாத
உங்கள் தம்பி