கடைசித் தொட்டியின் பொட்டு மீன்கள்

இன்று காலை உன் மனைவி தோல் ஆலை வாசலுக்கு வந்து ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். உள்ளே நான்கு பொட்டு மீன்கள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, உச்சந்தலையில் அதே வெள்ளிப்பொட்டு.

மாதனூரில் கம்பெனி பஸ் ஏறும்போது நீயும் இப்படித்தான் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவாய். உங்கள் ஊர்க் கானாற்றில் துண்டு விரித்துப் பிடித்தவை. தோல் கழுவிய நீரைச் சுத்தம் செய்வது நம் இருவர் வேலை. முதல் குழியில் சேறு, கடைசித் தொட்டியில் தெளிந்த நீர். பார்வையிட வருகிறவர்கள் நம்ப வேண்டுமென்று அந்தத் தொட்டியில் மீன் விடச் சொன்னது கம்பெனி. கடையில் வாங்கிய மீன்கள் ஒரு வாரம் தாங்கவில்லை. உன்னுடையவை பிழைத்தன. "எங்க ஊரு மீனு பாய், லேசுல சாவாது" என்று பீற்றிக்கொள்வாய்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வேலைக்கு வந்ததும் முதலில் மீனைப் பார்ப்போம். மீன் நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாக முடிவு. கடைசித் தொட்டி மீனுக்கு முதல் குழியைப் பற்றி என்ன தெரியும்? அது நம் மண்டையில் ஏறவில்லை.

அன்று முதல் குழியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"எறங்கலாமா பாய்?"

நான் தொட்டியை எட்டிப் பார்த்தேன். "மீனே ஜோரா கீது. எறங்கு."

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. குழிக்குள் தேங்கியிருந்த விஷவாயுவில் சுருண்டு விழுந்துவிட்டாய். நானும் இறங்கப் போனேன், ஓடிவந்தவர்கள் இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். உன்னை வெளியே எடுத்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. உன் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

விசாரணையில், அவனாகவே இறங்கினான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பயந்துவிட்டேன், தோஸ்த். தொழுதுவிட்டு உனக்காகக் கையேந்தும்போதெல்லாம் அந்தக் கையெழுத்துதான் முன்னால் வந்து நிற்கிறது.

இன்று உன் மனைவி கிளம்பும்போது கேட்டாள்: "எறங்குறதுக்கு முன்னாடி எதுனா சொன்னாராண்ணா?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

மீன்களைத் தொட்டியில் விட மனம் வரவில்லை. சாயங்காலம் கானாற்றிலேயே விட்டுவிடலாமென்று பாட்டிலைப் பையில் வைத்திருக்கிறேன். உன் வீட்டைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். நீ என்னைக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினாய் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.