ஒற்றை நட்சத்திரக் குழல்

நீர் கண்ணை மூடிய பிறகு உமக்கு அநியாயம் நடந்துவிட்டது. உம்முடைய இரட்டைக்குழல் துவக்கு பழுதென்றும், அதனால் பன்றி சுட்டதாக நீர் சொன்னதெல்லாம் புளுகென்றும் ஊர்க் கமக்காரரின் விவசாயச் சங்கக் கூட்டத்தில் உம்முடைய மருமகனே சொன்னார். சபை சிரித்தது. அடுத்த கூட்டத்தில் துவக்கை அரசாங்கக் கச்சேரியில் ஒப்படைக்கத் தீர்மானம் எடுக்கப் போகிறார்களாம். பிறகு உம்முடைய மனுசியின் வயலுக்குக் காவல் ஏது?

இன்று காலை வரம்பில் வெடிமருந்து மணத்தது. வெறுந்தோட்டா ஒன்று கிடந்தது. பன்றி ஆற அமரக் கிண்டித் தின்றுவிட்டுப் போயிருந்தது. மருமகனைப் பிடித்தேன்.

“எந்தக் குழலாலை சுட்டனீர்?”

“வலப்பக்கத்தாலை, ஐயா. அதிலைதானே நாலு நட்சத்திரம் குத்தியிருக்கு. மற்றதிலை ஒண்டுதான். ஹோட்டலுக்கும் நட்சத்திரம் கூடினால்தானே திறம்?”

“தலைகீழ், தம்பி.”

“பழைய கதை விடாதேங்கோ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் நீரும் இப்படித்தானே என்னோடு வாதாடி நின்றீர்? முதலில் துவக்கைத் திறந்து தோட்டா இல்லையென்று பார்த்தீர். அதில் நீர் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. பிறகு முன்கட்டையைக் கழற்றிக் குழல்களின் அடியில் இருந்த நட்சத்திரங்களைக் காட்டினீர். குழல்வாய் எவ்வளவு ஒடுங்கியது என்பதற்கான குறி அது. ‘சோக்’ என்பார்கள். நட்சத்திரம் குறைய ஒடுக்கம் கூடும் என்றேன். பழைய ஆங்கிலப் புத்தகமொன்றை எழுத்துக்கூட்டி வாசித்து அறிந்தது.

“புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடிச்சனீரோ?” என்றீர்.

வழக்குத் தீர, யூரியாச் சாக்கொன்றை மண்மேட்டில் விரித்து, எதிர் வரம்பில் நின்று இரண்டு குழலாலும் சுட்டீர். நாலு நட்சத்திரக் குழல் குண்டுகளை விதைநெல் போல வீசியிருந்தது. ஒற்றை நட்சத்திரக் குழலின் குண்டுகள் ஒரே கொத்தாகக் கிடந்தன. “எட்டத்துக்கு இடது, கிட்டத்துக்கு வலது” என்று அன்று முதல் ஊருக்குச் சொல்லித் திரிந்தீர், நீரே கண்டுபிடித்த மாதிரி.

உம்முடைய மனுசி வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தா. “மிளகாய் காயப்போடுற சாக்கு. பண்டி திண்டது காணாதெண்டு இந்த ரெண்டு கிழடுகளும் திண்டிட்டுதுகள்.”

ஆகவே, மருமகன் எட்ட நிற்கும் பன்றிக்கு இடக்குழலின் விசையை, அந்தப் பின்விசையை, இழுக்க வேண்டும். புளுகென்ற சொல்லைச் சபையில் எழுந்து திரும்ப எடுக்க வேண்டும். தலைவர் அந்தத் தீர்மானத்தைக் கைவிட வேண்டும். சிரித்தவர்கள் எதிர் வரம்புக்கு வந்து பார்க்க வேண்டும். உம்முடைய மனுசி துவக்கைக் கொடுக்கவே கூடாது. நான் சாக்கைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் விரிக்க வேண்டும். அது என் அலுமாரிக்குள் மிளகாய் மணத்தோடு இருக்கிறது. அவா பலமுறை கேட்டுவிட்டா. கொடுக்கமாட்டேன்.